நிலத்தில் கிடக்கும் மூடை

மாசி மாதம் பிறந்ததும், அக்கரைப்பற்றிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் தெரு நெடுகிலும் புது நெல்லின் வாசனை கமழத் தொடங்கும். பெரும்போக அறுவடைக் காலம் அது. உழவு இயந்திரங்களின் பெட்டிகளில் மூடைகள் மலைபோல் குவிந்து வரும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதிக்கு அளித்த செல்வம் இது. எங்கள் ஆலையடிவேம்பிலும் அண்டை ஊர்களிலும் அரிசி ஆலைகள் அப்போது இரவு பகலென்றில்லாமல் இயங்கும். (ஆலையடிவேம்பு என்னும் பெயரிலுள்ள ‘ஆலை’ அரைக்கும் ஆலையோ, ஆலமரத்து ஆலோ என்று வாசகர் நம்மை வினவலாகாது. அது வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்குரிய விடயம்.)

அந்த மூடைகளை எண்ணுவோர் உண்டு, நிறுப்போர் உண்டு, விலை பேசுவோரும் உண்டு. ஆயினும் ஒரு மூடை எத்தனை முறை நிலத்தைவிட்டு எழுப்பப்படுகிறது என்று எண்ணுவார் இல்லை. வயலிலே நெல்லைக் கட்டிப் பெட்டியில் ஏற்றுவது ஒரு முறை. ஆலை முற்றத்தில் இறக்கித் தராசில் வைப்பது ஒரு முறை. களஞ்சியத்தில் அடுக்குவதும், அவித்து உலர்த்துவதற்காக அடுக்கைப் பிரிப்பதும், உலர்ந்ததை மீண்டும் கட்டுவதும், இயந்திரத்தின் வாயில் கொட்டுவதும் தனித்தனி. பின்னர் அரிசியாகி லொறியில் ஏறிக் கடையில் இறங்க வேண்டும். நம் வீட்டு உலையிலே விழும் அரிசிக்குப் பின்னால் ஏழெட்டு முறையேனும் ஒரு மனிதனின் முதுகு வளைந்திருக்கிறது.

மூடையின் பாரம் எவ்வளவு? ஒரு புசல் நெல் 46 இறாத்தல். அதாவது ஏறக்குறைய 21 கிலோ. மூன்று புசல் கொண்ட மூடை 63 கிலோவாகும். இப்பக்கத்தில் 65 கிலோவையொட்டி மூடை கட்டுவது வழக்கமாயிற்று. பசளையும் சீமெந்தும் 50 கிலோப் பைகளில் வருகின்றன. பழைய அந்தர் என்னும் அளவு 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. அந்தர் வழக்கொழிந்து போயிற்று. அதன் பாரம் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு இன்றுவரை மனிதரின் தோளிலே ஏறி நிற்கிறது. இந்த அளவுகளை வகுத்தவர்கள் வணிகரும் கப்பற்காரரும் வரி வாங்கியோருமே. சுமப்பவனைக் கேட்டு எவரும் வகுத்ததில்லை.

மூடை ஏற்றும் இடத்தில் சற்று நின்று பார்ப்பவருக்கு ஒரு காட்சி தெரியும். இருவர் குனிந்து மூடையின் இரு தலைப்புகளையும் பற்றி எழுப்புவர். மூன்றாமவர் முதுகைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நடப்பார். நடப்பவரைக் கண்டு நாம் இரங்குகிறோம். வியர்வை வழிய, கழுத்து நரம்பு புடைக்க, சரிந்த பலகையில் ஏறுகிறவர் அவரல்லவா! ஆனால் நம் இரக்கம் செல்லவேண்டிய முதல் இடம் அதுவன்று. குனிந்து எழுப்புகிற அந்த இருவரே பெரிய ஆபத்தில் இருப்பவர்கள். சுமப்பவரின் மூடை அவர் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. பாரம் கால்களின் வழியே நேராக நிலத்திற்கு இறங்குகிறது. எழுப்புகிறவரின் பாரமோ உடம்புக்கு வெளியே, கைநீளத்தில், நிலமட்டத்தில் கிடக்கிறது. அறுபது மூடை கொண்ட ஒரு பெட்டியை ஏற்றி முடிப்பதற்குள் அவ்விருவரில் ஒவ்வொருவரும் இரண்டு தொன் அளவான பாரத்தைக் குனிந்து எழுப்பிவிடுகிறார். இருவர் பகிர்வதால் இலேசு என்றுதான் பார்ப்பவர் எண்ணுவர்.

இதன் காரணத்தை அறிய மாணவர்கள் தம் பௌதிகப் பாடத்திலுள்ள நெம்புகோலை நினைவுகொண்டால் போதும். நம் இடுப்பிலுள்ள முள்ளந்தண்டு ஒரு தாங்குபுள்ளி. அதற்குப் பின்னே ஏறக்குறைய 5 சென்றிமீற்றர் தூரத்தில் முதுகுத் தசை இழுக்கிறது. முன்னே கையிலே பாரம் தொங்குகிறது. 20 கிலோவை முள்ளந்தண்டிலிருந்து 40 சென்றிமீற்றர் தள்ளிப் பிடித்தால், தசை இழுக்கவேண்டிய விசை 20ஐ 40ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தது: 160 கிலோவின் பாரம்! குனிந்திருக்கும்போது நம் தலையும் நெஞ்சும் தோள்களும் தொங்குகின்றனவே, அவற்றின் கணக்கு இன்னும் இதிலே சேரவில்லை. அதே 20 கிலோவை 20 சென்றிமீற்றருக்குக் கிட்டக் கொண்டுவந்தால் 160 என்பது 80 ஆகிவிடும். பாரம் குறையவில்லை, மனிதனின் பலமும் கூடவில்லை, தூரம் ஒன்றே மாறியது. நிலத்தில் கிடக்கும் பொருளை எடுக்கக் குனிபவனுக்கு அந்தத் தூரம் தானாகவே கூடிவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள வஞ்சனை.

இந்த விசை முழுவதையும் தாங்குவது, முள்ளந்தண்டென்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்துள்ள வட்டத்தட்டு. அதனுள்ளே ஊசியைச் செலுத்தி அமுக்கத்தை அளந்து பார்த்தவர் சுவீடன் நாட்டு வைத்தியர் அல்ப் நக்கெம்சன். 1960களில் இவர் செய்த ஆய்வுகள் உலகெங்கும் பேசப்பட்டன. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலே வில்க் என்பாரும் அவருடைய குழுவினரும், தாமே முன்வந்த ஒருவருடைய இடுப்புத் தட்டில் நுண்ணிய கருவியைப் பதித்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் அவர் செய்த செயல்களை எல்லாம் அளந்தனர். நிமிர்ந்து நிற்கும்போது அமுக்கம் 0.5 மெகாபஸ்கால். 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. அதே 20 கிலோவை முழங்காலை மடித்துத் தூக்கியபோது 1.7. முதுகை வில்லாக வளைத்துத் தூக்கியபோது 2.3. ஒரு மோட்டார் வண்டிச் சில்லினுள் இருக்கும் காற்றமுக்கத்தைப்போல் இது பத்து மடங்கு! அவர் தூக்கியது 20 கிலோ. நம் மூடையோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

அவ்வாய்விலே மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. இரவு உறங்கும்போது வட்டத்தட்டு நீரை உறிஞ்சி மெல்ல மெல்ல விம்முகிறது. ஏழு மணி நேர உறக்கத்தில் உள்ளமுக்கம் 0.10இலிருந்து 0.24ஆக உயர்ந்தது. பாயைவிட்டு எழுந்தவுடன் முதுகு சற்று விறைத்திருப்பதை நாம் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஆழக் குனிவதும் பாரம் எழுப்புவதும் தட்டுக்குத் தீங்கு. விடியுமுன்பே லொறி வந்துவிட்டது என்று எழுப்பப்பட்டு, முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் முதல் மூடையைப் பற்றும் இளைஞருக்கு இதை யார் சொல்வது? அரை மணி நேரமாவது நடந்து, சிறு வேலைகளைச் செய்து, உடம்பு இளகிய பின்னரே கனத்தைத் தொட வேண்டும்.

அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரத்திற்கான தேசிய நிறுவனம் 1981இல் ஒரு கணக்கு வகுத்து, 1991இல் அதைத் திருத்தியது. யாவும் சாதகமாக அமைந்த இடத்திலே, இரு கையாலும் ஒருவர் தூக்கக்கூடிய பாரத்தின் மேலெல்லை 23 கிலோ என்பது அதன் தொடக்கம். சாதகம் என்பது என்ன? பாரம் உடம்புக்கு அருகில் இருக்க வேண்டும். நிலத்திலிருந்து 75 சென்றிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். உடம்பைத் திருகாமல், அடிக்கடியும் அல்லாமல் தூக்க வேண்டும். அதே பொருள் நிலமட்டத்தில் கிடந்தால் எல்லை ஏறக்குறைய 18 கிலோவாக இறங்குகிறது. உடம்பிலிருந்து அரை மீற்றர் தள்ளியும் கிடந்தால் பாதியாகி 9 கிலோவுக்கு வந்துவிடுகிறது. நிமிடத்திற்கு எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்று மேலும் கழித்துக்கொண்டே போகலாம். இதைப் படித்தபின் 65 கிலோவை நோக்கினால், நம் நாட்டுத் தொழிலாளியின் முதுகு வேறெந்த உலோகத்தால் வார்க்கப்பட்டது என்று கேட்கத் தோன்றும். வார்க்கப்படவில்லை, அது உடைகிறது. மெல்ல உடைவதால் நமக்குக் கேட்பதில்லை.

ஆலை முற்றமொன்றிலே வேலை செய்து ஓய்ந்த ஒரு முதியவரிடம், “என்ன காக்கா, முதுகு பிடித்துக்கொண்டதோ?” என்று ஒரு நாள் கேட்டோம். “பிடித்ததுதான் தம்பி, பத்து வருஷமாய் விடவில்லை” என்று சொல்லிச் சிரித்தார். தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்று மூடை எழுப்பும் ஊர்கள் இவை. இந்த நோவிலும் வேற்றுமை இல்லை.

பாரத்தை நிலத்தில் வைத்தால் மீண்டும் எழுப்புவது கடினம் என்பதைக் கண்டறிய நம் முன்னோருக்கு ஊசியும் கருவியும் வேண்டியிருக்கவில்லை. தமிழகத்தின் பழைய வழிகளிலும் யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களிலும் சுமைதாங்கிகளை இன்றும் காணலாம். இரு கற்களை நிறுத்தி அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு. ஆவுரஞ்சிக் கல்லும் கேணியும் மடமும் அதற்கு அயலிலே இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். சுமையை இறக்கிவைக்காமலே போய்விட்டவள் பெயரால் மற்றவர் சுமை இறங்கட்டும் என்ற எண்ணம். அதன் உயரத்தைக் கவனியுங்கள். தனியே வரும் வழிப்போக்கன் குனியாமல் தலைச்சுமையை அதன்மேல் சாய்த்து இறக்கலாம். இளைப்பாறியபின் யாரையும் கூப்பிடாமல், குனியாமல், தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். அமெரிக்க நிறுவனத்தின் கணக்கிலுள்ள கருத்தைக் கல்லிலே நாட்டியவர்கள் அவர்கள். சுமைதாங்கிகளின் படத்தைப் பாடநூலில் அச்சிடும் நாம், நம் ஆலை முற்றங்களில் அப்படி ஒரு கல்லைக்கூட வைக்கவில்லை.

இனி, தூக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். பாரத்தைத் தொடுமுன் போகும் வழியைப் பார்க்க வேண்டும். சிந்திய நெல்மணி காலடியில் உருளும். சாரத்தை மடித்து இறுகக் கட்டிக்கொள்க. தேய்ந்த செருப்பு வெறுங்காலைவிடக் கெட்டது. பாதங்களை அகற்றி ஒன்றைச் சற்று முன்வைத்து, பாரத்தை இரு கால்களுக்கும் இடையிலே வருமளவு நெருங்கி, முழங்காலை மடித்து, உடம்போடு அணைத்து எழ வேண்டும். எழுந்தபின் இடுப்பைத் திருகிப் பக்கத்தில் வைப்பது பெருந் தவறு. பாதங்களை எடுத்துவைத்தே திரும்ப வேண்டும். குனிவும் திருகலும் ஒன்றுசேரும் அந்தக் கணத்திலேதான் பெரும்பாலான முதுகுகள் ‘பிடித்துக்கொள்கின்றன’. இருவர் தூக்கினால் ஒருவர் சொல்ல மற்றவர் எழ வேண்டும். பழைய சணற் சாக்கின் மூலைகளைக் காதுபோல் முடிந்து பற்றினார்கள். இப்போதைய செயற்கை இழைச் சாக்கு வழுக்குகிறது, பற்ற இடமும் தருவதில்லை. அதற்கும் காது கட்டுவது எளிதே.

இவ்வளவும் நல்லவையே. ஆனாலும் வாசகருக்கு ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். ‘முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து’ என்று படம் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் ஏறக்குறைய 4000 அஞ்சற் பணியாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சரியாகத் தூக்கும் முறையை முறைப்படி கற்பித்து, ஐந்தரை ஆண்டுகள் பார்த்திருந்தார்கள். 1997இல் வெளியான முடிவு: கற்றவர்களுக்கு அறிவு கூடியது, முதுகுக் காயங்கள் குறையவில்லை. இடுப்புப் பட்டையின் கதையும் இதுதான். ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடை ஊழியரிடம் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வு, பட்டை கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் வேறுபாடு காணவில்லை. நம் தொழிலாளர் இடுப்பிலே இறுக்கிக் கட்டும் துவாய்க்கும் அதைவிடப் பெரிய ஆற்றல் இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

காரணம் வெளிப்படையானது. அறுபத்தைந்து கிலோ நிலத்தில் கிடக்கையில், அதை முழங்காலுக்கிடையே கொண்டுவர இயலாது, அணைக்கவும் இயலாது. நாற்பதாவது மூடையிலே தொடை சோர்ந்துவிடும். சோர்ந்தவன் முதுகாலே எழுப்புவான். நாளுக்கு இத்தனை மூடை என்று கூலி பேசப்பட்டவனிடம் நிதானத்தைக் கற்பிப்பது யாருக்கு எளிது? மாற்றவேண்டியது முதலில் மனிதனையன்று. மூடையையும் அது கிடக்கும் இடத்தையும்.

மூடையை மாற்றலாமா என்றால், மாற்றிய நாடுகள் உண்டு. சர்வதேசத் தொழில் தாபனம் 1967இல் ஜெனீவாவில் 127ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது: ஒருவருடைய உடல்நலத்துக்கு ஊறு செய்யக்கூடிய பாரத்தைச் சுமக்கும்படி அவரை ஏவவும் கூடாது, விடவும் கூடாது. அதனோடு வந்த 128ஆம் இலக்க விதந்துரை, வளர்ந்த ஆண் சுமக்கும் பாரத்தின் உச்சம் 55 கிலோவுக்கு மேற்பட்டிருந்தால் விரைவில் அந்த அளவுக்குக் குறைக்கவேண்டும் என்றது. பெண்களுக்கு அதைவிட நன்றாகவே குறைய வேண்டும். இந்தியா 2010இல் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. சுமை தூக்குவோருக்கென 1978இலேயே தனிச் சட்டம் இயற்றிய கேரளம், 2021இல் அதைத் திருத்தி, 75 கிலோவாக இருந்த எல்லையை 55 கிலோவாகவும், பெண்களுக்கு 35 கிலோவாகவும் குறைத்தது. பிரித்தானியாவில் முன்பு 50 கிலோவாயிருந்த சீமெந்துப் பை இன்று 25 கிலோ. வீடுகள் கட்டுவது அங்கே நின்றுவிடவில்லை.

நம் நாட்டிலே 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் உண்டு. கை நசுங்கினால் நாளையும் நேரத்தையும் காட்டி நட்டஈடு கேட்கலாம். பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்த முதுகுக்கு எந்த நாளைக் காட்டுவது? எந்த முதலாளியைக் காட்டுவது? மாசியில் ஓர் ஆலை, ஆவணியில் ஓர் ஆலை, இடையிலே லொறி என்று உழைத்தவருக்கு வரவுப் பதிவேடுகூட இல்லை. கொழும்புப் புறக்கோட்டையில் சுமை தூக்குவோரை ‘நாட்டாமை’ என்பார்கள். தமிழகத்துக் கிராமங்களில் அச்சொல்லுக்குப் பொருள் ஊர்த் தலைவன். பெயரளவிலாவது பெருமை கிடைத்திருக்கிறது.

ஆலை உரிமையாளர் சிலர், “சிறிய மூடையானால் இரு மடங்கு நடை; வேலை நாள் நீளும், கூலி கூடும்” என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு, ஒதுக்கிவிடலாகாது. ஆனால் இரு சில்லு வைத்த கைவண்டியொன்றில் இரண்டு மூடைகளைச் சாய்த்து ஒருவரே தள்ளிச் செல்லலாம். முற்றத்துத் தரை சமமாக இருந்தால் போதும். சீமெந்துத் தரையிலே ஒரு முறை செலவிட்டால், நடையின் கணக்கு வேறாகிவிடும். கட்டும் சாக்கு அதே சாக்காக இருக்கட்டும், முக்காலளவு நிரப்பினாலே 50 கிலோவுக்குள் வந்துவிடும். எஞ்சிய வாய்ப்புறம் பற்றுவதற்குப் பிடியுமாகும். விலை கிலோக் கணக்கில் பேசப்படும் காலத்தில் மூடை நிறைந்திருக்கவேண்டும் என்ற பிடிவாதத்துக்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

முதுகு பிடித்துக்கொண்டவருக்கும் ஒரு சொல். பலகையிலே வாரக்கணக்கில் மல்லாத்திக் கிடத்தும் பழைய முறையை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. நோவு தாங்குமளவு எழுந்து நடமாடுவதே பெரும்பாலோரை விரைவில் குணமாக்கும். பாரம் தூக்குவதை மட்டும் விடவேண்டும். காலிலே உணர்வு குன்றினாலோ, பாதம் வலுவிழந்து இழுபட்டாலோ, சலம் மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, எண்ணெய் தேய்ப்போரைத் தேடிப் போகாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே மணிக்கணக்கும் முக்கியம்.

வீட்டிலும் இந்தக் கணக்கே. நீர் நிறைந்த வாளி, அரிசிப் பை ஆகிய கனமானவற்றை நிலத்திலும் பரணிலும் வையாமல் இடுப்பளவு உயரத்தில் வைத்தால் அம்மாமாரின் முதுகு பிழைக்கும். மாணவரின் புத்தகப்பை உடற்பாரத்தில் பத்திலொரு பங்கைத் தாண்டலாகாது என்று இந்தியாவில் 2020ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. தராசு இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இன்றே நிறுத்துப் பார்க்கலாம்.

ஆலை முற்றத்துக்கு மீண்டும் வருவோம். மூடை வந்து இறங்கும் இடத்திலே நிலத்தில் போடாமல் இருக்க ஒரு மேடை வேண்டும். உயரம் 75 சென்றிமீற்றர், அதாவது இரண்டரை அடி. ஏறக்குறைய ஒருவர் கையைத் தொங்கவிட்டால் முட்டி நிற்கும் மட்டம். சீமெந்துக் கற்களை அடுக்கி, மேலே தளம் இட்டால் முடிந்தது. மேசன் ஒருவருக்கும் கையாள் ஒருவருக்கும் சில நாள் வேலை. முதுகிலே வாங்கிச் செல்வோருக்கு அதன் ஒரு பக்கத்தை மார்பளவுக்கு உயர்த்தலாம். உழவு இயந்திரப் பெட்டியின் தட்டு மேடையோடு மட்டமாக நிற்குமானால், மூடையைத் தூக்கவே வேண்டாம், இழுத்து நகர்த்தலாம். சிறுபோக நெல் ஆடி, ஆவணியில் வரும். அதற்கிடையே கல் அடுக்கக் காலம் உண்டு.